ஜோதி மிஸ்ஸுக்காக ஒரு வார்த்தை

சாதிக் பாட்ஷா சொன்னால் அது சாக்கு. அதையே டங்கன் சொன்னால் விளக்கம். துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் சரக்குக் கிடங்கு நடத்தும் அந்தக் கம்பெனியில் இரண்டு வருடமாக இதுதான் நடைமுறை. ஹாலந்திலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வாடிக்கையாளர் யாராவது போனில் வந்து, கன்டெய்னர் ஏன் இன்னும் வெளியே வரவில்லை என்று காய்ச்சி எடுப்பார். சாதிக் மியூட் பொத்தானை அமுக்கிவிட்டு, பக்கத்து நாற்காலியில் இருக்கும் டங்கனிடம் காரணத்தைச் சொல்வார். டங்கன் மியூட்டை எடுத்துவிட்டு அதை அப்படியே தன் ஸ்காட்லாந்துக் குரலில் ஒப்பிப்பான். அந்தப் பக்கம் சூடு தணிந்துவிடும். "நன்றி டங்கன், இப்போது புரிகிறது" என்பார்கள். புரிய வைத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருப்பார்.

பழைய மேனேஜர் ஊருக்குப் போனபோது அந்த நாற்காலி தனக்குத்தான் என்று சாதிக் நம்பியிருந்தார். நம்பாமல் என்ன? கீழக்கரையிலிருந்து கிளார்க்காக வந்து, கஸ்டம்ஸ் வாசலில் வெயில் குடித்து, படிப்படியாக ஏறி, மேனேஜர் இல்லாத நாட்களில் எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்தவர். பர்துபாயில் ஒரு கோட்டுகூடத் தைக்கக் கொடுத்திருந்தார். முதலாளி பம்பாய்க்காரர். கூப்பிட்டு, ஏலக்காய் போட்ட டீ கொடுத்து, தோளில் கை வைத்துச் சொன்னார்: "பாய், உங்கமேல ஒரு குறையும் கிடையாது. ஆனா கிளையன்ட்ஸ் ஒண்ணு எதிர்பார்க்கிறாங்க. நாம என்ன பண்ண முடியும்?" கிளையன்ட்ஸ் எதிர்பார்த்த அந்த ஒன்று அடுத்த மாதம் வந்து சேர்ந்தது. முப்பத்து நாலு வயது, செம்பட்டை முடி, நீலக் கண். அதற்குமுன் கோல்ஃப் கிளப்பில் உறுப்பினர் சேர்த்துக்கொண்டிருந்தவன். கிடங்கென்று ஒன்றை அவன் வெளியிலிருந்துகூடப் பார்த்ததில்லை. கடைசியில் சாதிக்தான் அவனுக்கு வேலை கற்றுக் கொடுத்தார். தைத்த கோட்டு அலமாரியில் பிளாஸ்டிக் உறையோடு தொங்குகிறது.

டங்கன் கெட்டவனாக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டித் தீர்த்திருக்கலாம். அதற்கும் வழியில்லை. சாதிக்குக்கு டீ எடுத்து வந்து வைப்பான். நோன்பு மாதத்தில் தன் அறையில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். ஒருநாள் வெள்ளந்தியாக, "உன் மகள் பள்ளிக்கூட ஃபீஸ் அலவன்ஸ் வந்துவிட்டதா? என்னுடையது இன்னும் வரவில்லை" என்று கேட்டான். அப்படியொரு அலவன்ஸ் இருப்பதே சாதிக்குக்கு அன்றுதான் தெரியும். அவன் மகன் ரோரியும் சாதிக்கின் மகள் ஹிஃப்ஸாவும் ஒரே பள்ளியில், ஒரே இரண்டாம் வகுப்பில் படித்தார்கள். இவர் மகளுக்கு இவர் கட்டினார். அவன் மகனுக்குக் கம்பெனி கட்டியது.

அந்த எரிச்சலை எல்லாம் சாதிக் வீட்டுக்கு வந்துதான் கொட்டுவார். "தோலப் பாத்துத்தான் இங்க கூலி. பாஸ்போர்ட்ட மேசையில வச்சா அதுவே பேசிரும், ஆளு வாயத் தொறக்க வேணாம்" என்பார். மனைவி இஃப்பத் இதை எத்தனையோ முறை கேட்டாயிற்று. அவர் முதல் பாதியைச் சொன்னால் மிச்சப் பாதியை அவளே சொல்லி முடித்துவிட்டு, ரொட்டியைத் தட்டில் போடுவாள்.

இப்படிப்பட்டவர்தான் அந்தக் காரியத்தைச் செய்தார்.

ஹிஃப்ஸாவின் வகுப்பு டீச்சர், இங்கிலாந்தின் பிரிஸ்டலிலிருந்து வந்த பெண், பிள்ளைப்பேற்றுக்காக ஊருக்குப் போனாள். அந்த இடத்துக்குப் பள்ளியிலேயே மூன்று வருடம் உதவி ஆசிரியையாக இருந்த ஜோதிமணியைப் போட்டார்கள். கரூர்ப் பக்கத்துப் பெண். முறைப்படி படித்து ஆசிரியர் பட்டம் வாங்கியவள்தான். பருத்திச் சுடிதார், இறுக்கிப் பின்னிய சடை, கழுத்தில் பள்ளி அடையாள அட்டை. வகுப்பெடுக்கத் தொடங்கி ஒரு மாதம் கழித்து, பெற்றோரைச் சந்திக்கும் முதல் நாளில் பலகைக்கு முன்னால் நின்று ஆங்கிலத்தில் பேசினாள். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் அமராவதி ஆற்றுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்ததுபோல் இருந்தது.

பின்வரிசையில் இருந்த டெல்லிக்காரர் சாதிக்கின் விலாவில் இடித்து, "பாய், உங்க ஊர் டீச்சர்" என்று சிரித்தார். சாதிக்குக்கு முகம் சுண்டிவிட்டது. இருபது வருடத்துக்கு முன்னால் அவரும் இதே ஆங்கிலம்தான் பேசினார். அதைச் சுரண்டிச் சுரண்டி எடுப்பதற்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். இப்போது ஒருத்தி வந்து, வெட்கமே இல்லாமல், அதை எல்லார் முன்னாலும் விரித்துப் போட்டிருக்கிறாள். கூட்டம் முடிந்ததும் அவள் நேரே அவரிடம் வந்து, "ஹிஃப்ஸா அப்பாங்களா? நீங்க கீழக்கரைன்னு பாப்பா சொன்னா" என்று மலர்ந்த முகமாகக் கேட்டாள். சாதிக் ஆங்கிலத்தில், "நாங்கள் துபாய்க்காரர்கள் என்றே சொல்லலாம்" என்று பதில் சொல்லிவிட்டுக் கார்ச் சாவியைத் தேடினார்.

அன்று சாயங்காலமே பெற்றோர் வாட்ஸாப் குழு கொதிக்க ஆரம்பித்தது. இவ்வளவு கட்டுவது எதற்கு, இதே டீச்சர் வேண்டுமென்றால் ஊரிலேயே படிக்க வைத்திருக்கலாமே, பிள்ளைகள் வாயில் என்ன உச்சரிப்பு வரும் என்று ஆளுக்கொன்று. எழுதியவர்கள் எல்லாரும் நம்மவர்கள். அதே வகுப்பில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் நாலைந்து பேர் உண்டு, அவர்களுடைய பெற்றோர் ஒருவர்கூட ஒரு சொல் எழுதவில்லை. தலைமையாசிரியையிடம் போய்ப் பேசுவது என்று முடிவாயிற்று. யார் பேசுவது என்று வந்தபோது, ஆங்கிலம் சுத்தமாக இருப்பவர் சாதிக் பாய்தான் என்றார்கள். அந்தப் புகழ்ச்சியில் மனிதர் குளிர்ந்து போனார்.

"நல்லாத்தானே மச்சான் சொல்லிக் குடுக்கிறாங்க. ஹிஃப்ஸா தானா எழுத்துக் கூட்டிப் படிக்கிறா. வீட்டுல எந்த டப்பாவையும் விட மாட்டேங்கிறா" என்றாள் இஃப்பத்.

"படிக்கிறது வேற, பேசுறது வேற. ஒனக்குப் புரியாது" என்றார் சாதிக்.

தலைமையாசிரியை ஆங்கிலேயப் பெண்மணி. நரைத்த குட்டை முடி, மூக்கின் நுனியில் கண்ணாடி. அவர் அறையில் நம்மவர்கள் ஐந்து பேர் போய் உட்கார்ந்தார்கள். சாதிக் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிதானமாக, தன்னுடைய மிகச் சிறந்த ஆங்கிலத்தில் சொன்னார்: "அந்த ஆசிரியை மேல் ஒரு குறையும் கிடையாது. ஆனால் பெற்றோருக்கென்று ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது, இல்லையா?"

சொல்லி முடித்ததும் அவருக்குச் சுருக்கென்றது. ஏலக்காய் மணம் ஒன்று எங்கிருந்தோ வந்து போனது. ஆனால் மற்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். அதனால் அவரும் மேலே மேலே பேசினார், நன்றாகவே பேசினார்.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது இந்தியப் பெற்றோரிடமிருந்தே வருகிறது என்று நான் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். ஆமாம் என்றார் சாதிக். "அப்படியானால் சரி. நாங்களாக இதைச் செய்தால் நன்றாக இருக்காது" என்று அவர் சொன்னபோது, அந்த முகத்தில் தெரிந்தது வருத்தம் இல்லை. பெரிய பாரத்தை யாரோ வந்து இறக்கி வைத்த ஆறுதல். திருப்பிக் கேட்பார், வாதாடுவார் என்று சாதிக் தயாராக வந்திருந்தார். கதவு தானாகத் திறந்துகொண்டதில் அவருக்கே தடுமாற்றமாக இருந்தது.

அடுத்த வாரம் செய்தி வந்துவிட்டது. ஜோதிமணி திங்கட்கிழமையிலிருந்து பழையபடி உதவி ஆசிரியை. அவள் இடத்துக்கு இங்கிலாந்தின் பிரைட்டனிலிருந்து வந்த ஓர் இளைஞன். அதுவரை பள்ளியில் நீச்சல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவன். வாட்ஸாப் குழுவில் கைதட்டல் பொம்மைகள் குவிந்தன. சாதிக் தானும் ஒன்றைப் போடப் போய், விரலை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் ஹிஃப்ஸாவை அழைத்து வரப் போனவரை, கேட்டுக்கு உள்ளே பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்த ஜோதிமணி பார்த்துவிட்டாள். ஹிஃப்ஸாவின் பையைத் தானே எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, ஒரு நிமிசங்க" என்றாள். ஹிஃப்ஸா அப்பா போய் அண்ணா வந்திருந்தது.

சாதிக் முதல் முறையாக அவளிடம் தமிழில், "சொல்லுங்கம்மா" என்றார்.

"என்னைய கிளாஸ்லயிருந்து எடுத்துட்டாங்க. பேரன்ட்ஸ் யாரோ போய்ச் சொல்லியிருக்காங்க. என் பேச்சு பத்தலையாமுங்க." அவள் குரல் உடையவில்லை. பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்வதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "என் வீட்டுக்காரர் ஓமன்ல, சோஹார்ல எலக்ட்ரீசியனா இருக்காருங்க. பையன் கரூர்ல எங்கக்கா வீட்டுல இருக்கறான். கிளாஸ் டீச்சர் சம்பளம் இருந்தாத்தான் அவனுக்கு இங்க விசா எடுக்க முடியும். ஏப்ரல்ல கூட்டிட்டு வந்து இதே ஸ்கூல்ல சேத்தறதா இருந்தேன். அவன்கிட்டச் சொல்லிட்டேனுங்க, பைகூட வாங்கிட்டான்."

சாதிக் கையில் இருந்த சாவியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க ஒரு வார்த்தை ஹெட்கிட்டச் சொன்னீங்கன்னா போதும். நீங்க சொன்னாக் கேப்பாங்கண்ணா" என்றாள். அவர் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னாள். சாதிக்தான் ஹிஃப்ஸாவின் பை வாரைச் சரிசெய்யக் குனிந்தார்.

"பாக்கிறேம்மா" என்றார்.

"பாருங்கண்ணா. திங்கக்கெழமைக்குள்ள சொன்னாத்தானுங்க."

காரில் ஹிஃப்ஸா பின்சீட்டிலிருந்து, "வாப்பா, மிஸ் ஜோதி இஸ் சேட். அவங்க டிஷ்யூ எடுத்துட்டு ஸ்டோர் ரூம்குள்ள போனாங்க" என்றாள். சாதிக் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். ஷேக் சாயித் சாலையில் வண்டிகள் நகரவேயில்லை. ச்சீ, என்ன மனுசன் நீ என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அதை ரேடியோவால் அமுக்க முடியவில்லை.

போகத்தான் செய்தார். மறுநாள் ஆபீஸில் பர்மிஷன் போட்டுவிட்டு, பள்ளிக்கூட கார் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே போய் என்ன சொல்வது? போன வாரம் நான் சொன்னது தப்பு என்றா? ஏன் தப்பு என்று கேட்டால்? அந்தப் பெண்மணி முன்னால் அவ்வளவு கம்பீரமாகப் பேசிவிட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்து வாந்தி எடுத்ததை அள்ளுவதா? மற்ற நாலு பேர் என்ன நினைப்பார்கள்? இதையெல்லாம் யோசித்துக்கொண்டே இருந்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். கதவைக்கூடத் திறக்கவில்லை.

ஆபீஸுக்குத் திரும்பினால் டங்கன் அவர் மேசையருகே நின்றுகொண்டிருந்தான். செம்பட்டை முகம் இன்னும் சிவந்திருந்தது.

"ஜோதி மிஸ்ஸை மாற்றுகிறார்களாம், தெரியுமா உனக்கு?" என்றான். "ரோரி நேற்று முழுக்க அழுதான். அவனுக்கு எழுத்தென்றாலே பயம். இதற்குமுன் இரண்டு டீச்சர்கள் கைவிட்ட பையன். இந்த அம்மாவிடம்தான் உட்கார்ந்து படித்தான். பள்ளிக்கு போன் பண்ணிக் கேட்டேன். அவர் இங்கிலாந்துக்காரர் இல்லை என்று பெற்றோர் சிலர் புகார் சொன்னார்களாம். யாரென்று சொல்ல மாட்டோம் என்கிறார்கள். சொல்ல வேண்டுமா? எனக்குத் தெரியாதா?"

சாதிக் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

"எங்கள் கூட்டம்தான்" என்றான் டங்கன். "வேறு யார்? இங்கே வந்து ராஜா வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கிறோமே, அந்தத் திமிர். வெள்ளிக்கிழமை சாப்பாட்டில் இவர்கள் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன், சாதிக். எதிர்த்து ஒன்றும் சொல்லாமல் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்." அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு சாதிக்குக்கு எதிரில் உட்கார்ந்தான். "இரண்டு வருடமாக உன் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நீ சொல்வதை நான் சொல்கிறேன், நன்றி எனக்கு வருகிறது. இது எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? தெரிந்தேதான் வாங்கிக்கொண்டேன். வசதியாக இருந்தது. இதற்கும் சேர்த்து, அந்த ஜனங்களுக்கும் சேர்த்து, உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன்."

அவன் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சாதிக் இரண்டு வருடமாக ஏங்கிக் கிடந்தார். எத்தனையோ நாள் காரில் தனியாகப் போகும்போது இந்தக் காட்சியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறார். அதில் தான் என்ன பதில் சொல்வோம் என்பதுகூட அவருக்குப் பாடம். அது வந்தது, இந்த நேரத்தில், இந்தக் காரியத்துக்காக வந்தது. இப்போதாவது வாயைத் திறந்து, டங்கன், அது நீங்கள் இல்லை, நான் என்று சொல்லியிருக்க வேண்டும்.

"பரவாயில்லை டங்கன்" என்றார் சாதிக். அதோடு விட்டாரா? "எங்களுக்கு இதெல்லாம் பழகிப்போய்விட்டது" என்றும் சேர்த்துச் சொன்னார். சோகமாக ஒரு புன்னகைகூடச் செய்தார். சொன்ன மாத்திரத்தில் நாக்கைப் பிடுங்கி எறிந்துவிடலாம்போல இருந்தது. டங்கன் அவர் கையைப் பிடித்து அழுத்தினான்.

"வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் ஹெட்டைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். நீயும் வா. நான் பேசுகிறேன், நீ பக்கத்தில் இருந்தால் போதும்" என்றான் டங்கன். சாதிக் தலையாட்டினார். மாட்டேன் என்பதற்கு ஒரு காரணமும் கையில் இல்லை.

வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தவரை இஃப்பத் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹிஃப்ஸா எழுந்து போனதும் சாதிக் எல்லாவற்றையும் சொன்னார். கேட்டில் ஜோதிமணி சொன்னது, கார் நிறுத்தத்திலிருந்து திரும்பி வந்தது, டங்கன் மன்னிப்புக் கேட்டது, எதையும் மறைக்கவில்லை. மனைவியிடம் மறைத்து அவருக்குப் பழக்கம் கிடையாது.

"நாந்தாம்ப்பா சொன்னேன்னு அவர்கிட்டயே சொல்லியிருக்க வேண்டியதுதானே?" என்றாள் இஃப்பத்.

"அவன்கிட்டயா?"

"ஏன், அவர்கிட்டச் சொன்னா என்ன?"

"வெள்ளைக்காரன் முன்னாடி நம்ம மானம் என்னத்துக்கு ஆகுறது?"

இஃப்பத் தட்டுகளை அடுக்கினாள். "அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சாப் போற மானத்தப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லக் காணோமே மச்சான்" என்றாள். சாதிக் கை கழுவ எழுந்தார். அன்று அவர் கம்பெனியைப் பற்றியோ பாஸ்போர்ட்டைப் பற்றியோ ஒன்றும் பேசவில்லை. பேச அவருக்கு இனி யோக்கியதை இல்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளி அரைநாள்தான், ஜும்ஆ தொழுகைக்குப் போகும் முன்னால் நேரம் கொடுத்திருந்தார்கள். பள்ளியில் பிள்ளைகள் சத்தம் அடங்கியிருந்தது. தலைமையாசிரியை அறையில் ஜோதிமணியும் இருந்தாள். டங்கன்தான் அவளையும் கூப்பிடச் சொல்லியிருந்தான். அவள் சுவரோரத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தாள். சாதிக்கைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு கணம் தெளிந்தது. பின்னால் டங்கன் நுழைந்ததும் அந்தத் தெளிவு போய், என்னவென்று சொல்ல முடியாத ஒரு முகமாக ஆனது.

டங்கன் உட்காரக்கூட இல்லை. "என் மகனுக்கு இந்த டீச்சர்தான் வேண்டும்" என்றான். "உச்சரிப்பு என்கிறீர்களே, என் உச்சரிப்பே உங்களுக்குப் பாதி புரியாது. என்னை யாரும் மாற்றவில்லையே. இவரை எடுத்தால் ரோரியை நான் எடுத்துவிடுகிறேன். ஏன் எடுத்தேன் என்பதைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்வேன்." குரலை உயர்த்தவில்லை. உயர்த்த அவனுக்குத் தேவையும் இருக்கவில்லை. "வெள்ளைக்காரப் பெற்றோர் நாலு பேர் முகம் சுளித்தார்கள் என்பதற்காக ஒருவருடைய வேலையில் கை வைப்பீர்களா? என் பக்கத்தில் நிற்கிறாரே இவர், இவருக்கு எப்படி இருக்கும்?"

தலைமையாசிரியை நிமிர்ந்து சாதிக்கைப் பார்த்தார். சாதிக்கின் முகத்தில் ஈயாடவில்லை. இப்போது சொல்லிவிடுவார், இதோ வாயைத் திறக்கிறார் என்று சாதிக் காத்திருந்தார். கால் விரல்கள் ஷூவுக்குள் மடங்கிக்கொண்டன. ஆனால் அந்தப் பெண்மணி அனுபவசாலி.

"புகார் சொன்ன பெற்றோர் யாரென்று வெளியிடுவது எங்கள் வழக்கம் இல்லை" என்றார் மெதுவாக. ஒரே ஒரு நொடி அவர் பார்வை சாதிக்மேல் நின்றது. கவலைப்படாதே, நம் இருவருக்குள் இருக்கட்டும் என்கிற பார்வை. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட சாதிக்குக்கு அவ்வளவு வலித்திருக்காது. பிறகு அவர் டங்கன் பக்கம் திரும்பி, "நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நாங்கள் அவசரப்பட்டுவிட்டோம். ஜோதி வகுப்பிலேயே தொடரட்டும்" என்றார்.

முடிந்தது, அவ்வளவுதான். ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்க ஐந்து பேர் கூடி அரைமணி நேரம் பேச வேண்டியிருந்தது. திருப்பித் தர ஒருவன் நின்றுகொண்டே பேசினது போதுமாயிருந்தது. அந்த ஒருவன் யார் என்பதுதான் விஷயம்.

டங்கன் உற்சாகமாக ஜோதிமணியிடம் கை நீட்டினான். அவள் எழுந்து கை குலுக்கி, ஆங்கிலத்தில் நன்றி சொன்னாள். "எனக்கென்ன நன்றி? இவரிடம் சொல்லுங்கள். இவர் இல்லாமல் நான் வந்திருக்க மாட்டேன்" என்று டங்கன் சாதிக்கை முன்னால் தள்ளிவிட்டான்.

அவள் சாதிக்குக்கு எதிரில் வந்து நின்றாள். வாங்கிக்கொண்டு போய்விடலாம். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், எல்லாருக்கும் நல்லபடியாக முடிந்திருந்தது. இன்னொரு பொய்யான புன்னகை போட்டால் வேலை முடிந்தது. ஆனால் சாதிக்குக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. அப்போதும் பாருங்கள், அவர் அதை ஆங்கிலத்தில் சொல்லவில்லை.

"நாந்தாம்மா" என்றார் தமிழில், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஹெட்கிட்ட வந்து சொன்னது நாந்தான். ஒங்கள மாத்தச் சொன்னது நாந்தான். என்னைய மன்னிச்சிருங்கம்மா."

டங்கன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து முகம் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு ஊர்க்காரர்கள் தங்கள் மொழியில் சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று அவனுக்கு.

ஜோதிமணியும் சிரித்த முகத்தை மாற்றவில்லை. அறையில் இருந்த மற்ற இரண்டு பேருக்காக அதை அப்படியே வைத்துக்கொண்டாள். குரல் மட்டும் தாழ்ந்தது.

"தெரியுங்ணா" என்றாள். "என்னைய எடுத்த அன்னைக்கே ஸ்கூல் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. தெரிஞ்சுதான் கேட்டுல வந்து உங்ககிட்டக் கேட்டேன். சொன்னவங்களே போய் மாத்திச் சொல்லட்டும், அவங்களுக்கும் ஒரு வழி இருக்கட்டும்னு நெனச்சேன். நீங்க ஒத்தையா வந்து சொல்லுவீங்கன்னு ரெண்டு நாளா வாசலையே பாத்துட்டு இருந்தேனுங்க. வெள்ளைக்காரரைக் கூட்டிட்டு வருவீங்கன்னு நெனைக்கலைங்ணா."

சாதிக் நிமிரவில்லை. நிமிர முடியவில்லை.

"என்ன சொல்கிறார்?" என்று ஆவலாகக் கேட்டான் டங்கன்.

சாதிக் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். இத்தனை வருடமாகச் சீராட்டி வளர்த்த அந்தச் சுத்தமான ஆங்கிலம் உடனே வந்து நின்றது.

"நன்றி சொல்கிறார்" என்றார்.